செல்லாத பயணமும் திரும்ப வேண்டிய பணமும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவர்க்கு ஊர்ப்பயணம் என்பது ஆண்டு முழுவதும் உள்ளத்தில் வளர்த்து வரும் ஓர் ஆவல். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ரயில் வழி 2,100 கிலோமீட்டருக்கு மேல். மும்பையிலிருந்து நாகர்கோயிலுக்கோ கொல்கத்தாவிலிருந்து தஞ்சைக்கோ செல்லும் குடும்பத்திற்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதா. ரயிலில் முன்பதிவு செய்யும் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் பொங்கலுக்கு ஊர் சேர விரும்புவோர் ஐப்பசி முடிவிலேயே சீட்டெடுக்க முந்துகின்றனர். முந்தாதவர்க்கு இடம் கிடைப்பது அரிது.

இரண்டு மாதம் என்பது ஒரு குடும்பத்தில் எத்தனையோ மாறிவிடக்கூடிய காலம். அலுவலகத்தில் விடுப்பு மறுக்கப்படுகிறது. பிள்ளைகளின் தேர்வு நாள் தள்ளிப்போகிறது. நிச்சயித்த திருமணம் வேறு முகூர்த்தத்திற்கு மாறுகிறது. தந்தையாருக்கு உடல்நலம் குன்றியது என்று ஊரிலிருந்து தொலைபேசிச் செய்தி வருகிறது. அடுத்த மாதத்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இன்று கிடைத்த வண்டியில் ஏற வேண்டியதாகிறது. இந்நிலைகளில் முன்னரே கட்டிய பணம் என்னவாகிறது?

‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுவது நம்மிடையே பரவியுள்ள வழக்கம். துயரம் நேர்ந்த வீட்டில் சீட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுவது அழகன்று என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பண்புடையதே. ஆயினும் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தின் பயணச் செலவு, மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வோர்க்குச் சிறு தொகை அன்று. அதனை மீட்க முயல்வது பேராசையும் அன்று. செல்லாத பயணத்தின் பணத்தில் ஒரு பங்கு நமக்கு உரியது என்று விதிகளே கூறுகின்றன. ஆனால் அப்பங்கு கேட்பவர்க்கே கிடைக்கிறது. அதிலும் காலத்தில் கேட்பவர்க்கே கிடைக்கிறது. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழைவது இதுவே.

நிறுத்தியவர் யார்?

பணம் திரும்பப் பெறும் முயற்சியில் முதலில் தெளிய வேண்டுவது ஒன்று. பயணத்தை நிறுத்தியவர் நாமா, நம்மை ஏற்றிச் செல்ல ஒப்புக்கொண்டவரா? இவ்விரண்டும் வேறு வேறு வழக்குகள். நாம் நிறுத்தினால், நாம் விட்ட இடத்தை வேறொருவர்க்குக் கொடுக்க அவர்களுக்குக் காலம் வேண்டும். ஆகவே ஒரு தொகை பிடிப்பது முறை. அவர்கள் நிறுத்தினால், செய்யாத பணிக்குக் கூலி கொள்ள அவர்களுக்கு உரிமையில்லை. கட்டணம் முழுதும் திரும்ப வேண்டும்.

இவ்வேறுபாட்டை உணராமல் ஏமாறுவோர் பலர். வண்டி மூன்று மணி நேரத்திற்கு மேல் தாமதமாகிறது. சினமுற்ற பயணி தம் கைபேசியை எடுத்து, வழக்கமான முறையில் சீட்டை ரத்து செய்துவிடுகிறார். அந்தக் கணமே அவர் ‘தாமே நிறுத்தியவர்’ ஆகிவிடுகிறார். முழுப் பணமும் பெற வேண்டியவர் பிடித்தம் போக எஞ்சியதைப் பெறுகிறார். சில வேளைகளில் ஒன்றும் பெறுவதில்லை. விமானம் நிறுத்தப்படும் என்ற செய்தி உலவும்போது முந்திக்கொண்டு ரத்து செய்வோரும் இவ்வாறே இழக்கின்றனர். அறிவிப்பு வரும் வரை சற்றே பொறுத்திருந்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கும். நாம் நிறுத்தும்போது விரைவு வேண்டும்; அவர்கள் நிறுத்தும்போது பொறுமை வேண்டும்.

கடிகாரத்தின் கணக்கு

ரயில் கட்டணம் திரும்பப் பெறுதல் குறித்த விதிகள் 2015 நவம்பர் 12 முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தன. உறுதியான இடம் பெற்ற சீட்டுக்கு அவை வகுத்த கணக்கு வருமாறு. வண்டி புறப்பட 48 மணி நேரத்திற்கு முன் ரத்து செய்தால், ஒருவருக்கு ஏ.ஸி. முதல் வகுப்பில் 240 ரூபாயும், ஏ.ஸி. இரண்டடுக்கில் 200 ரூபாயும், ஏ.ஸி. மூன்றடுக்கில் 180 ரூபாயும், ஸ்லீப்பரில் 120 ரூபாயும், இரண்டாம் வகுப்பில் 60 ரூபாயும் பிடிக்கப்படும். 48 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் ரத்து செய்தால் கட்டணத்தில் நூற்றுக்கு 25 பங்கு போய்விடும். 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் பாதி போய்விடும். 4 மணி நேரத்திற்கும் குறைவாக இருப்பின் ஒன்றும் திரும்பாது. ஏ.ஸி. வகுப்புகளில் பிடித்தத்தின்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு.

இதனைக் குடும்பக் கணக்காகப் பார்ப்போம். ஏ.ஸி. மூன்றடுக்கில் ஒருவருக்குக் கட்டணம் 2,000 ரூபாய், செல்வோர் நால்வர், மொத்தம் 8,000 ரூபாய் என்று கொள்வோம். மேற்கண்ட கணக்கின்படி, மூன்று நாளுக்கு முன் ரத்து செய்த குடும்பம் இழப்பது, வரி நீங்கலாக, 720 ரூபாய். முந்தைய நாள் காலையில் ரத்து செய்த குடும்பம் இழப்பது 2,000 ரூபாய். புறப்படும் நாளன்று ஆறு மணி நேரத்திற்கு முன் ரத்து செய்த குடும்பம் இழப்பது 4,000 ரூபாய். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கடைசி வரை மேலதிகாரியின் சொல்லுக்குக் காத்திருந்த குடும்பம் இழப்பது 8,000 ரூபாய் முழுதும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. தாமதத்திற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அன்று, ஆசையே. ‘எப்படியாவது விடுப்புக் கிடைத்துவிடும், எப்படியாவது காய்ச்சல் தணிந்துவிடும்’ என்று ஊரை நினைத்து ஏங்கும் உள்ளம் முடிவைத் தள்ளிப்போடுகிறது. அந்த நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு என்பதைக் குடும்பத்தலைவரும் தலைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ‘இந்த நாள், இந்த நேரத்திற்குள் உறுதியாகாவிட்டால் ரத்து’ என்று சீட்டெடுக்கும் அன்றே நாட்காட்டியில் குறித்து வைத்தால், அந்த நேரம் வரும்போது மனம் கலங்காது.

விதிகள் திருத்தப்படுவன, சில புதிய வண்டிகளுக்குத் தனி விதியும் உண்டு. ஆதலால் மேலே காட்டிய மணிகளையும் தொகைகளையும் 2015-ஆம் ஆண்டின் அளவுகளாகக் கொண்டு, நாம் எடுக்கும் சீட்டுக்குரிய அளவை எடுக்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும் என்பதே அவற்றின் அடிப்படை.

காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்க்கும் ஆர்.ஏ.சி. பெற்றவர்க்கும் அவ்விதிகள் இரக்கம் காட்டின. வண்டி புறப்பட அரைமணிக்கு முன் வரை, கிளார்க்கேஜ் எனப்படும் 60 ரூபாய் மட்டும் ஒருவருக்குப் பிடித்துக்கொண்டு எஞ்சியதைத் தர அவை வழிசெய்தன. இணையத்தில் எடுத்த சீட்டில் அனைவரும் காத்திருப்போராகவே முடிந்தால், பட்டியல் தயாரானதும் சீட்டு தானே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். ஒரே சீட்டில் சிலர்க்கு இடம் உறுதியாகிச் சிலர்க்கு உறுதியாகாவிட்டால், குடும்பத்தைப் பிரித்து அனுப்ப மனம் ஒப்புமா? இதற்கும் விதியில் இடமுண்டு. அனைவர் பயணத்தையும் சேர்த்து அரைமணிக்கு முன் கைவிட்டால், இடம் உறுதியானவர்க்கும் கிளார்க்கேஜ் மட்டுமே பிடிக்கப்படும். இதனை அறியாமல் பாதிக் கட்டணத்தை இழந்தோர் உளர்.

தத்கல் சீட்டின் நிலை வேறு. இடம் உறுதியான தத்கல் சீட்டை நாமே ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது. ஊரிலிருந்து துயரச் செய்தி வரும்போது நாம் எடுப்பது பெரும்பாலும் தத்கல் சீட்டே. அவ்வேளையில் ஒருவர் தில்லியிலும் ஒருவர் புனேயிலுமாக இருவரும் ஒரே குடும்பத்திற்குச் சீட்டெடுத்துவிடுவது உண்டு. எடுப்பவர் ஒருவரே என்று முதலில் பேசிக்கொள்வது நலம்.

கைவிடுமுன் ஆராய வேண்டுவன

சீட்டை ரத்து செய்வதற்கு முன், அதனை வேறு வகையில் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒரு சீட்டில் நால்வர் பெயர் இருந்து ஒருவர் மட்டும் செல்ல இயலாவிட்டால், அவர் பெயரை மட்டும் நீக்கலாம். முழுச் சீட்டையும் கைவிட வேண்டுவதில்லை. அவருக்குப் பதிலாக வீட்டில் வேறொருவர் செல்ல விரும்பினால் பெயரை மாற்றவும் விதி உண்டு. தந்தை, தாய், சகோதரன், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி ஆகியோருள் ஒருவர் பெயருக்கு, வண்டி புறப்பட 24 மணி நேரத்திற்கு முன், அடையாளச் சான்றும் உறவுச் சான்றும் காட்டி, முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறையே மாற்ற இயலும். இந்தப் பட்டியலில் மாமனாரும் இல்லை, மருமகளும் இல்லை, அத்தையும் இல்லை என்பதை நினைவிற் கொள்க.

நிலையத்துக் கவுன்டரில் எடுத்த உறுதியான சீட்டாயின், 48 மணி நேரத்திற்கு முன் அலுவலகம் சென்று, இடம் இருந்தால் பயண நாளை ஒரு முறை முன்னோ பின்னோ மாற்றிக்கொள்ளும் வழியும் விதிகளில் இருந்து வருகிறது. திருமண முகூர்த்தம் மாறிய வீட்டார்க்கு இது பயன்படும்.

கவுன்டர் சீட்டை ரத்து செய்ய நிலையம் வரை ஓட வேண்டும் என்று எண்ணி நள்ளிரவில் தவிப்போர் உளர். அவ்வாறு தவிக்க வேண்டா. சீட்டெடுக்கும்போது கைபேசி எண் கொடுத்திருந்தால், 139 என்ற எண்ணிலோ ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலோ அப்போதே ரத்து செய்துவிட்டு, பின்னர் உரிய காலத்திற்குள் சீட்டைக் கவுன்டரில் ஒப்படைத்துப் பணம் பெறலாம். ஆதலால் விண்ணப்பத் தாளில் கைபேசி எண்ணுக்குரிய கட்டத்தைக் காலியாக விடற்க.

செல்லும் சீட்டை ரத்து செய்பவர் திரும்பும் சீட்டை மறந்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. ரயிலில் இரண்டும் தனித்தனிச் சீட்டுகள். ஒன்றை ரத்து செய்தால் மற்றொன்று தானே ரத்தாகாது. துயரத்திலும் பரபரப்பிலும் இருக்கும் வீட்டில் இதனை நினைவூட்டுவது, அருகில் இருக்கும் நண்பர் செய்யத்தக்க பேருதவி.

வண்டியே வராதபோது

ரயில்வே நிர்வாகமே வண்டியை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் நமக்கு உரியது. வண்டி தொடக்கம் முதல் முடிவு வரை ரத்தானால், இணையச் சீட்டின் பணம் நாம் கேளாமலே கணக்கில் வந்து சேரும். கவுன்டர் சீட்டு வைத்திருப்போர் 3 நாளுக்குள் அதனை நேரில் ஒப்படைக்க வேண்டும். நாம் ஏறும் நிலையத்தில் வண்டி 3 மணி நேரத்திற்கு மேல் தாமதமாகி, நாம் பயணத்தைக் கைவிட்டால் அப்போதும் முழுக் கட்டணம் உண்டு. ஆனால் இணையச் சீட்டுக்கு டி.டி.ஆர். என்னும் கோரிக்கையை, வண்டி உண்மையாகப் புறப்படுவதற்கு முன் பதிவு செய்தாக வேண்டும். வீடு திரும்பி, உணவருந்தி, பிறகு பதிவு செய்வோம் என்றிருந்தால் உரிமை போய்விடும். கவுன்டர் சீட்டையும் வண்டி புறப்படுமுன்னரே ஒப்படைக்க வேண்டும். தாமதத்தால் பயணத்தைக் கைவிட்டவர்க்குத் தத்கல் சீட்டிலும் இவ்வுரிமை உண்டு.

பேரிடர்க் காலத்தில் விதிகள் நெகிழ்ந்ததையும் கண்டோம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பயணிகள் ரயில்கள் நின்றபோது, நின்ற வண்டிகளுக்குரிய முழுக் கட்டணமும் திரும்பத் தரப்பட்டது. 2020 மார்ச் 21 முதல் ஜூலை 31 வரையிலான பயணங்களுக்குக் கவுன்டர் சீட்டை ஒப்படைக்கும் காலம் முதலில் ஆறு மாதமாகவும், 2021 ஜனவரியில் ஒன்பது மாதமாகவும் நீட்டிக்கப்பட்டது. அச்சீட்டுகளைக் கிழித்து எறியாமல் வைத்திருந்தவர்கள் பணம் பெற்றார்கள்.

வானூர்திச் சீட்டு

விமானச் சீட்டில் ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்ற சொற்களைக் கண்டதும் பலர் முயற்சியைக் கைவிடுகின்றனர். அச்சொற்கள் குறிப்பது கட்டணத்தை மட்டுமே. அரசுக்கும் விமான நிலையத்திற்கும் சேர வேண்டிய வரிகளையும் கட்டணங்களையும், நாம் பறக்காதபோது விமான நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளலாகாது என்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதி. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையை விஞ்சலாகாது. திரும்பத் தரும் பணிக்கென்று தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது. கடன் அட்டையில் கட்டிய பணம் 7 நாளுக்குள் திரும்ப வேண்டும். முகவர் மூலம் எடுத்த சீட்டாயினும், முகவர் நிறுவனத்தின் பிரதிநிதியே ஆதலால், பணம் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும். ‘முகவரைக் கேளுங்கள்’ என்று நிறுவனமும், ‘நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்று முகவரும் நம்மைப் பந்தாடும்போது இவ்விதியை எடுத்துக் காட்டலாம்.

பணத்திற்குப் பதிலாக, பின்னொரு பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவாக வைத்துக்கொள்ளும்படி நிறுவனம் கூறலாம். அதனை ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம். அடுத்த ஆண்டு செல்வோமா என்பதே ஐயமான குடும்பம் பணமாகவே கேட்பது அறிவுடைமை.

விமானத்தை நிறுவனமே நிறுத்தினால் மாற்று விமானமோ முழுப் பணமோ பெறலாம். ஆறு மணி நேரத்திற்கு மேல் தாமதமானாலும் அவ்வாறே. முன்னறிவிப்பு உரிய காலத்தில் தராமல் நிறுத்தினால், பறக்கும் நேரத்திற்கேற்ப 5,000, 7,500, 10,000 ரூபாய் என்ற உச்ச அளவுக்குள் இழப்பீடும் உண்டு. புயல், மூடுபனி போன்ற அவர்கள் கட்டுக்கு மீறிய காரணங்களுக்கு அது இல்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. பயணி தம்மைத் தொடர்புகொள்ளும் விவரத்தைத் தராதிருந்தால் இழப்பீட்டைக் கேட்க இயலாது. முகவர் தம் எண்ணையே எழுதிவிடுவது வழக்கம். நம் எண்ணையும் மின்னஞ்சலையும் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்போர் ஒன்றுபட்டால் பயன் விளையும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. 2020-இல் முடக்கக் காலத்தில் நின்ற விமானங்களின் பணத்திற்காகத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று பயணிகளுக்குச் சார்பான ஆணை பிறப்பித்தது. வரவாக வைத்த தொகை 2021 மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் பணமாகத் தர வேண்டும் என்பதும் அதில் அடங்கும். 2025 டிசம்பர்த் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் நின்றபோது, நிலுவையிலுள்ள பணம் முழுவதையும் டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் திருப்பித் தருமாறு மத்திய அமைச்சகம் ஆணையிட்டது.

நிறுவனமே மூடப்பட்டால் நிலை கடினம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-இலும் பறப்பதை நிறுத்தின. முன்பணம் கட்டியிருந்த பயணிகள் கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்க நேர்ந்தது. இத்தகைய வேளையில் அட்டையால் பணம் கட்டியவர், பெறாத சேவைக்குப் பணம் பிடிக்கப்பட்டது என்று உடனே தம் வங்கியிடம் எழுத்தில் முறையிடலாம். ரொக்கமாகக் கட்டியவர்க்கு அவ்வழி இல்லை.

இன்சூரன்ஸ் காப்பது எதை?

‘இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோமே, பணம் வரும்’ என்று நம்பியிருப்போர்க்கு ஒன்று கூற வேண்டும். ரயில் சீட்டோடு ஒரு ரூபாய்க்கும் குறைந்த தொகைக்குக் கிடைப்பதும், 2016 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பதுமான காப்பீடு விபத்துக்கு உரியது. ரயில் விபத்தில் உயிரிழப்போ முழு ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாயும், காயமுற்று மருத்துவமனையில் இருந்தால் 2 லட்சம் வரையிலும் அது தரும். அதனை எடுப்பது நன்றே. ஆயினும் நாம் பயணத்தை ரத்து செய்தால் அதிலிருந்து ஒரு காசும் வாராது.

பயணம் நின்றதற்குப் பணம் தரும் காப்பீடு வேறு. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பயணப் பாலிசிகளில் ‘பயண ரத்து’ என்ற பிரிவு இருந்தால் மட்டுமே அது கிடைக்கும். அங்கும் பாலிசித் தாளில் எழுதிய காரணங்களே செல்லும். காப்பீடு செய்தவரோ நெருங்கிய உறவினரோ இறத்தல், கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் சேர்தல், இயற்கைப் பேரிடர் ஆகியவை பொதுவாக இடம்பெறுவன. மனம் மாறியமை செல்லாது. முன்னரே இருந்த நோய் பெரும்பாலும் செல்லாது. தந்தை மருத்துவமனையில் சேர்ந்தார் என்று அறிந்த பின் எடுத்த பாலிசி அதே காரணத்திற்குச் செல்லாது. மேலும், ரயில்வேயோ விமான நிறுவனமோ திருப்பித் தந்தது போக எஞ்சிய இழப்பையே அது ஈடு செய்யும்.

‘நெருங்கிய உறவினர்’ என்ற சொல்லை நம்மவர் உற்று நோக்க வேண்டும். தாய்மாமன் நோயுற்றால் பயணத்தை நிறுத்துவது நமக்கு இயல்பு. பெரியப்பா மறைந்தால் மகனைப் போல் முன்னிற்பதும் நம் வழக்கம். பாலிசித் தாள் உறவை அவ்வாறு அளப்பதில்லை. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் என்று அது எல்லை கட்டியிருக்கலாம். எல்லை எங்கே முடிகிறது என்று படித்த பின்னரே பணம் கட்ட வேண்டும். உள்நாட்டு ரயில் பயணம் ஒன்றுக்கு, காலத்தில் ரத்து செய்யும் பழக்கமே போதிய காப்பு. பல மாதம் முன்னரே பெருந்தொகை கட்டிய வெளிநாட்டுப் பயணத்திற்கும் குழுவாகச் செல்லும் தலயாத்திரைக்குமே இத்தகைய பாலிசி பெரிதும் பயன்படும்.

தாளும் வாயிலும்

எவ்வழியில் பணம் கேட்டாலும் சான்று வேண்டும். சீட்டின் படி, பணம் கட்டிய ரசீது, ரத்து செய்ததற்கான குறுஞ்செய்தி, பி.என்.ஆர். எண், வண்டி தாமதமானதாகக் காட்டும் அறிவிப்பின் படம் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். நோய் காரணமாயின் ஊர் மருத்துவரிடம் சேர்க்கை நாள், நோயின் பெயர், முத்திரை, கையொப்பம் ஆகியவற்றோடு சான்றிதழ் அங்கேயே பெற்று வர வேண்டும். வேலைக்குத் திரும்பிய பின் அதற்காக மறுபடியும் ஊருக்குச் செல்வது எளிதன்று.

கேட்டும் கிடைக்காவிடில் செல்லத்தக்க வாயில்கள் பல. ரயில் தொடர்பான குறைகளை 139-இலும் ரயில் மதத் தளத்திலும் பதியலாம். கட்டணம் திரும்பப் பெறும் வழக்குகளை விசாரிக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வே உரிமைக்கோரிக்கைத் தீர்ப்பாயம் உள்ளது. விமானக் குறைகளுக்கு ஏர்சேவா தளம் உள்ளது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் விடையளிக்காதிருந்தாலோ, கட்டணமின்றிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். பயண முகவர், பேருந்து உரிமையாளர், தங்கும் விடுதி ஆகியோர் மீதான குறைகளை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூறலாம்.

அங்கும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. புலம்பெயர்ந்தோர்க்கு இங்கே ஒரு நற்செய்தி உண்டு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையீட்டாளர் வாழும் ஊரிலோ பணிபுரியும் ஊரிலோ வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. மதுரையில் உள்ள பேருந்து நிறுவனத்தின் மீது நாம் தாணேயிலோ காசியாபாத்திலோ இருந்தபடியே முறையிடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருந்தால் முறையீட்டுக் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பணம் வரவில்லையே என்று இணையத்தில் உதவி எண்ணைத் தேடுவோரைக் குறிவைத்துப் போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கின்றனர் வஞ்சகர். இனிய மொழியில், சில வேளை தமிழிலேயே பேசி, ஏதேனும் ஒரு செயலியைக் கைபேசியில் ஏற்றச் சொல்வார்கள், யு.பி.ஐ. ரகசிய எண்ணை இடச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டுவதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். இதை வீட்டிலுள்ள முதியோர்க்கு நன்கு விளக்கி வைக்க வேண்டும். உதவி எண்ணைச் சீட்டிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். பணம் பறிபோய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் அறிவிக்க வேண்டும்.

நம் சங்கங்களில் இளைஞர் பலர் உளர். கைபேசியில் டி.டி.ஆர். பதிவதும் முறையீடு எழுதுவதும் அவர்களுக்கு அரிய செயல் அல்ல. கண் மங்கிய முதியவர்க்கும், இந்தியோ ஆங்கிலமோ எழுத இயலாத தொழிலாளிக்கும் அது மலை போன்ற வேலை. விடுமுறைக் காலங்களில் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, மாலையில் ஒரு மணி நேரம் இதற்கென்று இரண்டு இளைஞர் அமர்ந்தால் போதும். பல வீட்டுப் பணம் வீடு சேரும். ஊருக்குச் செல்ல இயலாமற் போன வருத்தத்தை எவரும் தீர்க்க இயலாது. அடுத்த முறை செல்வதற்கான சீட்டுப் பணத்தையேனும் காத்துக் கொடுக்க நம்மால் இயலும்.